ட்ரம்ஸைத் தவிர எல்லாம்

டோனி வில்லியம்ஸின் ‘எமர்ஜென்சி!’ இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பேசுகிறார்கள். முதலில் ஒலிப்பதிவைத் திட்டுவார்கள். ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்த்த கதையைச் சொல்வார்கள். அடுத்து, அந்த மனிதர் பாடித் தொலைத்திருக்க வேண்டாம் என்பார்கள். பிறகு குரல் கனிந்து ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாருக்கு வருவார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கேட்கிறவர் என்றால் லாரி யங்கின் ஆர்கனையும் சேர்த்துக்கொள்வார். அதோடு சரி. இசைத்தட்டு யாருடையதோ, குழு யாருடையதோ, அந்த ஆள் என்ன வாசித்தார் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. கேட்டால், “ட்ரம்ஸா? அதைச் சொல்லவும் வேண்டுமா!” என்று ஒரு கையசைப்பு. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

1969 மே 26, 28 தேதிகளில் நியூயார்க்கில், ஓல்ம்ஸ்டெட் ஸ்டுடியோவில் பதிவானது அது. பாலிடோர் நிறுவனம் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. எழுபது நிமிடங்கள், எட்டு உருப்படிகள், மூன்றே பேர். வில்லியம்ஸுக்கு அப்போது வயது 23. ஆனால் அந்த வயதில் அவர் புதுமுகம் அல்ல, ஏறக்குறைய மூத்த வித்வான். பாஸ்டனில் வளர்ந்து, ஆலன் டாசனிடம் பாடம் கேட்டு, பதினேழு வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவுக்குள் வந்தவர். ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், பின்னால் வேய்ன் ஷார்ட்டர் என்று அமைந்த அந்தக் குழுவின் தீப்பொறி இந்தப் பையன்தான் என்று மைல்ஸே தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மைல்ஸ் யாரையும் எளிதில் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை.

அந்தக் காலத்துப் பதிவுகளில் ‘நெஃபர்டிட்டி’யை மட்டும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1967இல் பதிவான உருப்படி, ஷார்ட்டர் எழுதியது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் அதில் தனி வாசிப்பு என்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே இருக்கின்றன. அடியில் ட்ரம்ஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறொன்றாகிறது. சீண்டுகிறது, ஒதுங்குகிறது, கொந்தளிக்கிறது. யார் யாருக்குத் துணை என்ற கணக்கு அங்கேயே புரண்டுவிட்டது. ஜாஸ் ரசிகர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். மெதுவாக, கண்ணியமாக, மின்சாரம் இல்லாமல் நடந்த புரட்சி என்பதால் யாருக்கும் காது வலிக்கவில்லை. அதே மனிதர் அதே காரியத்தை இரண்டே வருடத்தில் சத்தமாகச் செய்தபோதுதான் தகராறு.

லைஃப்டைம் என்ற பெயரில் வில்லியம்ஸின் குழு சேர்ந்த விதம் ரசமானது. ட்ரம்ஸ் வாசிக்கும் ஜாக் டிஜானெட், லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கிட்டார் வாசித்ததை டேப்பில் பிடித்துவந்து வில்லியம்ஸுக்குப் போட்டுக்காட்டினார். மெக்லாஃப்லின் 1969 பிப்ரவரியில் நியூயார்க் வந்து இறங்கினார். வந்த சில நாளிலேயே மைல்ஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார்ந்துவிட்டார். லாரி யங், நியூ ஜெர்ஸியின் நியூவர்க்கைச் சேர்ந்தவர். 1965இல் ‘யூனிட்டி’ என்ற இசைத்தட்டில், ஹாமண்ட் ஆர்கனை மதுக்கடைக் கொண்டாட்டத்திலிருந்து பிரித்து வேறு உயரத்துக்குக் கொண்டுபோனவர். பாஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. யங் காலால் பெடலை மிதித்து அதையும் பார்த்துக்கொண்டார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், க்ரீம் போன்றவர்களின் பாதிப்பை வில்லியம்ஸ் மறைக்கவே இல்லை. பீட்டில்ஸ் பைத்தியமும் உண்டு. ஜாஸ்காரர்கள் ராக் பக்கம் சாய்ந்ததற்கு எல்லாரும் அடையாளமாகக் காட்டுகிற மைல்ஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவானது அதே வருடம் ஆகஸ்டில்தான். இவர்கள் மூன்று மாதம் முந்திக்கொண்டார்கள். முந்தியவர்களுக்குக் கிடைத்தது வசவு, பிந்தியவருக்குத் தங்கத்தட்டு.

சரி, ஒலிப்பதிவு. அது மோசம்தான், மழுப்ப வேண்டியதில்லை. அதைச் செய்தவர்களுக்கு இந்த ஒலியளவு பழக்கமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். காந்த நாடா குறிப்பிட்ட அளவுக்குமேல் ஒலியைத் தாங்காது. அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகிவிடும், அதைத்தான் நாம் கரகரப்பாகக் கேட்கிறோம். கிட்டாருக்கு அது பெரிய நஷ்டமில்லை, ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயரில் வேண்டுமென்றே உடைத்து அனுப்பப்பட்ட ஒலி அது. ஆர்கனும் ஒருவிதத்தில் தப்பித்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டது சிம்பல். வில்லியம்ஸை வில்லியம்ஸாக ஆக்கியது அவருடைய வலதுபக்கத்து ரைடு சிம்பல். குச்சியின் முனை உலோகத்தில் படுகிற ‘டிக்’, அதன் பின்னால் விரிகிற நாதம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டால்தான் அவர் எங்கே அழுத்துகிறார், எங்கே விழுங்குகிறார் என்று தெரியும். மைல்ஸ் பதிவுகளில் அது கண்ணாடிபோலக் கேட்கும். இங்கேயோ அந்த ‘டிக்’ ஆர்கனின் இரைச்சலில் கரைந்து, ‘ஷ்ஷ்’ என்று ஒரு மூட்டமாக நிற்கிறது. ஆக, ஒலிப்பதிவைக் குறை சொல்கிறவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பறிபோனது ட்ரம்ஸ் என்பதை அவர்கள் சொல்வதில்லை. காது வலிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. அந்தக் கரகரப்புதான் அழகு, அதுதான் ஆவேசம், பங்க் இசை பிறக்கும் முன்பே பிறந்த பங்க் என்றெல்லாம் பின்னால் வந்த தலைமுறை கொண்டாடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. விபத்தில் முகம் சிதைந்தவரைப் பார்த்து என்ன கம்பீரம் என்று வியப்பது மரியாதை ஆகாது. அடுத்த வருடம் வந்த ‘டர்ன் இட் ஓவர்’ இசைத்தட்டில், சத்தமாக வைத்துக் கேளுங்கள் என்று அச்சிட்டே கொடுத்தார்கள். சத்தம் அவர்கள் விரும்பியது. சிதைவு அவர்கள் விரும்பியதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி ரசிப்பது சோம்பேறித்தனம்.

பாட்டுக்கு வருவோம். ‘பியாண்ட் கேம்ஸ்’, ‘வேர்’, ‘வயா த ஸ்பெக்ட்ரம் ரோடு’ மூன்றிலும் வில்லியம்ஸ் குரல் கொடுக்கிறார். மெலிந்த குரல். பாதி பேச்சு, பாதி பாட்டு. சுருதி அங்கங்கே நழுவுகிறது. நல்ல பாட்டு என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனாலும் ‘வேர்’ பன்னிரண்டு நிமிட உருப்படி. அதன் தொடக்கத்தில் அந்தக் குரல் ஒலிக்கும்போது கைகள் என்ன செய்கின்றன என்று கவனித்தால் எரிச்சல் குறையும். ட்ரம்ஸ் அங்கே கிட்டத்தட்ட மூச்சை அடக்கிக்கொள்கிறது. இத்தனை ஆர்ப்பாட்டமான வாசிப்புக்காரர், தன் பலவீனமான குரலுக்கு மற்ற இருவரைவிடவும் அதிகமாக இடம்விட்டுத் தருகிறார். பிறகு குரல் ஓய்ந்ததும் மூவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறார்கள். அந்த ஏற்றத்துக்கு அளவுகோல் அந்தச் சோகையான குரல்தான். பாட்டை வெட்டிவிட்டு வாத்தியப் பகுதியை மட்டும் கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கேட்பது உச்சியை மட்டும், எங்கிருந்து ஏறினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு இதைக் கேட்ட இரண்டு கூட்டமும் கைவிரித்ததில் ஆச்சரியமில்லை. ஜாஸ் ரசிகர்களுக்கு இது துரோகம். மைல்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தவன், ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காரலாமா? ராக் ரசிகர்களுக்கு வேறு சிக்கல். அவர்களுக்கு இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்னேர் விழ வேண்டும், தலையாட்ட ஒரு பிடி வேண்டும். வில்லியம்ஸ் அந்தப் பிடியைக் கொடுப்பார், நாம் பிடித்துக்கொள்ளும் நேரம் பார்த்து உருவிக்கொள்வார். ராக் அடியில் தொடங்கியது எப்போது ஸ்விங்காக மாறியது என்று சொல்ல முடியாது, திரும்பியும் மாறும். 1970இல் க்ரீமிலிருந்து வந்த ஜாக் புரூஸ் பாஸ் கிட்டாரோடு சேர்ந்துகொண்டபோதும் நிலைமை மாறவில்லை. இரண்டுங்கெட்டான் என்ற பெயர் நின்றுவிட்டது.

1971இல் மெக்லாஃப்லின் விலகி மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். அதற்குக் கூட்டம் வந்தது. கஷ்டமான இசைதான், சந்தேகமில்லை. பில்லி கோபமின் ட்ரம்ஸ் அசுரத்தனமானது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஏழு, ஒன்பது, பத்தொன்பது என்று விரல்விட்டு எண்ணலாம். எண்ண முடிந்தால் பெருமையாகவும் இருக்கும். லைஃப்டைம் குழுவில் எண்ணி மகிழ ஒன்றுமில்லை. அங்கே சிக்கல் கணக்கில் இல்லை, ஒரே கணக்குக்குள் அழுத்தம் இடம்மாறிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. மகாவிஷ்ணுவின் புகழுக்குப் பாதிக் காரணம் அப்படி எண்ண முடிவதுதான் என்பது என் அனுமானம். மெக்லாஃப்லினுக்கு நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சொல்லப்போனால் அவர்தான் இந்த விஷயத்தில் எல்லாரையும்விடத் தெளிவானவர். ட்ரம்ஸ்காரரின் குழுவில் அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்கியவர், சில வருடத்தில் சக்தி குழுவில் விக்கு விநாயகராமின் கடத்துக்கும் ஜாகிர் உசேனின் தபலாவுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். விக்குவின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடமே வெளியிட்டார், 2007இல். தாளக்காரர்களின் பக்கத்தில்தான் தன் இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ரசிகர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

நம் ஊரும் இதில் உசத்தி இல்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபாவில் பாதி நாற்காலிகள் காலியாகி, கேன்டீனில் வரிசை நீளும். தாளத்துக்கென்றே ஒதுக்கிய நேரத்தில்கூடக் காதைக் கொடுக்காத வழக்கம் நமக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே மற்றவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு இடம் கொடுக்கிறார்கள். எழுந்து போகிறவருக்காவது எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரியும். வில்லியம்ஸ் குழுவில் அப்படி யாரும் நிறுத்துவதில்லை. கிட்டார் முழங்கிக்கொண்டிருக்கும்போதே ட்ரம்ஸ்தான் பேசுகிறது. அதனால் எழுந்து போகாமலே, உட்கார்ந்த இடத்திலேயே, கவனிக்காமல் இருந்துவிட முடிகிறது.

ஒலிப்பதிவு கெட்டதால்தான் ட்ரம்ஸ் பேச்சில் வரவில்லை என்று யாராவது வாதாடலாம். அதற்குப் பதில் 1975இல் கொலம்பியா வெளியிட்ட ‘பிலீவ் இட்’. புதிய லைஃப்டைம், ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் கிட்டார், ஆலன் பாஸ்குவா கீபோர்டு, டோனி நியூட்டன் பாஸ். பதிவு சுத்தம். ட்ரம்ஸும் மாறிவிட்டது. மைல்ஸ் காலத்தில் 18 அங்குல பாஸ் ட்ரம் வைத்திருந்தவர், இந்தக் காலகட்டத்தில் 24 அங்குலத்துக்குப் போனார். உதை வயிற்றில் இறங்குகிறது. ‘ரெட் அலர்ட்’டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. பேச்சு இப்போதாவது அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டுமே? திரும்பவில்லை. ‘பிலீவ் இட்’ என்றாலே ஹோல்ட்ஸ்வொர்த்தான். கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர், ‘ஃப்ரெட்’ உருப்படியில் வரும் கிட்டாரைச் சுரம் சுரமாகப் படியெடுத்து வைத்திருக்கிறார். அடியில் ட்ரம்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “வேகமாகப் போகும்” என்றார். பல வருடமாக அதைக் கேட்கிறவர்!

கிட்டாரைப் பாட முடியும், முணுமுணுக்க முடியும், எழுதிவைக்க முடியும். கேட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போக அதில் ஏதோ இருக்கிறது. வில்லியம்ஸின் வாசிப்பில் அப்படி எடுத்துப்போக எதுவும் கிடைக்காது. ஹை-ஹாட் என்னும் இரட்டைச் சிம்பலை அவருக்கு முந்தைய ஜாஸ்காரர்கள் இரண்டிலும் நாலிலும் மிதித்தார்கள். அவர் பல இடங்களில் நாலு அடிக்கும் மிதித்தார். கேட்க அற்பமான மாற்றம். ஆனால் இரண்டும் நாலும் என்கிற வேலி போனதும் ஸ்னேரும் பாஸ் ட்ரம்மும் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்றாகிவிட்டது. அழுத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்பவருக்கும் தெரியாது, கூட வாசிப்பவருக்கும் தெரியாது. மெக்லாஃப்லின் ‘எமர்ஜென்சி!’யில் விட்டுவிட்டு, கொத்துக்கொத்தாக வாசிப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது அவருடைய பாணி என்று புகழ்கிறோம். அவரை அப்படி வாசிக்கவைத்தவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மெக்லாஃப்லின் லண்டனை விட்டுக் கிளம்பும் முன்பு, 1969 ஜனவரியில், ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதிலும் ‘ஸ்பெக்ட்ரம்’ இருக்கிறது. ‘எமர்ஜென்சி!’யில் வரும் அதே ‘ஸ்பெக்ட்ரம்’. எழுதியவர் அவர், கிட்டாரும் அவர். நடுவில் நாலு மாதம்தான். லண்டனில் ட்ரம்ஸ் டோனி ஆக்ஸ்லி, அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அந்தப் பதிவு மூன்று நிமிடம்கூட இல்லை. கச்சிதம், துல்லியம், மெட்டு முன்னால், ட்ரம்ஸ் பின்னால். நியூயார்க்கில் அது எங்கெங்கோ நீண்டுபோகிறது. வேகமான ஸ்விங்கில் கிட்டார் ஒரு சொற்கட்டை முடிக்கும் முன்பே ஸ்னேர் குறுக்கே வந்து விழுகிறது. மெக்லாஃப்லின் நிறுத்தி, வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மெட்டு எழுதியவர் அவர்தான், ஆனால் அது எப்படிப் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் அவர் இல்லை.

‘வாஷ்கர்’ இன்னொரு சாட்சி. கார்லா பிளே எழுதியது. பால் பிளேயின் ‘ஃபுட்லூஸ்’ இசைத்தட்டில் பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என்று மூவராக, அறுபதுகளின் தொடக்கத்தில் வாசிக்கப்பட்டது. பீட் லா ரோக்காவின் ட்ரம்ஸ் அதில் மெட்டின் ஓரமாகவே நடந்துபோகிறது. மெட்டும் விசித்திரமானது, முடியப்போகிறதா தொடங்கப்போகிறதா என்று தெரியாமல் தயங்கித் தயங்கிப் போகும். வில்லியம்ஸ் அந்தத் தயக்கங்களையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறார். மெட்டு நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ட்ரம்ஸ் பாய்ந்து நிரப்புகிறது. மெட்டு மறுபடி வாய் திறந்ததும் சட்டென்று அடங்குகிறது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ‘எமர்ஜென்சி!’யின் மிகச் சிறந்த ஐந்து நிமிடம் அதுதான் என்பேன். பதின்மூன்று நிமிட ‘சாங்க்ரியா ஃபார் த்ரீ’யைச் சிலர் உச்சம் என்கிறார்கள். எனக்கு அது நடுவில் தொய்கிறது.

ட்ரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் இதெல்லாம் எப்போதோ தெரிந்திருந்தது. 2006இல் ‘ட்ரையோ பியாண்ட்’ என்ற பெயரில் இந்த இசையை மீண்டும் எடுத்து வெளியிட்ட மூவரில் ஜாக் டிஜானெட் இருந்தார், அன்று டேப் போட்டுக்காட்டிய அதே மனிதர். 2012இல் ‘ஸ்பெக்ட்ரம் ரோடு’ குழுவில் ஜாக் புரூஸோடு சிண்டி பிளாக்மன் சன்டானா ட்ரம்ஸில் உட்கார்ந்தார். இரண்டு பதிவுகளிலும் சிம்பல் தெளிவாகக் கேட்கிறது. வில்லியம்ஸ் இதையெல்லாம் பார்க்க இல்லை. 1997 பிப்ரவரி 23 அன்று கலிஃபோர்னியாவில், பித்தப்பை அறுவைச்சிகிச்சைக்குப் பின் மாரடைப்பில் போய்விட்டார், வயது 51. லாரி யங் அதற்கு வெகு முன்பே, 1978இல், 37 வயதில் போனார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘எமர்ஜென்சி!’யை முதல் உருப்படியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பால் பிளேயின் ‘வாஷ்கர்’, அடுத்து வில்லியம்ஸின் ‘வாஷ்கர்’. பிறகு லண்டன் ‘ஸ்பெக்ட்ரம்’, நியூயார்க் ‘ஸ்பெக்ட்ரம்’. ஒரு தடவையாவது கிட்டாரை மறந்துவிட்டு ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள். அதன்பின் முழுவதையும் கேளுங்கள், பாடுகிற இடங்களைத் தாண்டாமல். ஈக்வலைசரைத் திருகி ஒலியைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். நாடாவில் பதியாத சிம்பல் எந்தத் திருகலுக்கும் வராது.